கூலி பேசிட்டுத் தூரிகையை எடுங்க

கலைத்தொழிலிலும் சொந்தத் தொழிலிலும் காலெடுத்து வைக்கும் இளைஞர்களின் கேள்விகளுக்கு, படகுக்குப் பெயர் எழுதத் தொடங்கி இன்று மண்டபத்தில் அச்சு, டிசைன் கடை நடத்தும் அண்ணன் பதில் சொல்கிறார்.

'பெயரைப் போடாதீங்க, வீட்டுக்குத் தெரிஞ்சா வம்பு' என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமே ஊர்ப் பெயர் மட்டும்.

*

கேள்வி: பி.சி.ஏ. முடித்திருக்கிறேன். போனிலேயே வீடியோ எடிட் செய்வேன். பாம்பன் பாலம், கல்யாணம் எல்லாம் எடுக்க ட்ரோன் வாங்க ஆசை. அப்பாவின் படகுக் கடனே இன்னும் அடையவில்லை. இ.எம்.ஐ.யில் வாங்கலாமா அண்ணே?
- வாசகர், பாம்பன்

வாங்காதீர்கள். பணத்தை விடுங்கள், அதை எங்கே பறக்க விடப் போகிறீர்கள்? உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் இலங்கைக் கடல் எல்லை. 2021-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பொம்மை ட்ரோன்கூட எழும்பக் கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளதைக் காசுக்காக ஓட்ட வேண்டுமென்றால் பயிற்சி எடுத்த பைலட் சான்றிதழும் வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். நீங்களே அந்த வரைபடத்தில் உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து, நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் தூக்குப் பாகம் மேலே ஏறுவதை எடுக்காத ஆள் கிடையாது. ராமேசுவரம் வருகிற டூரிஸ்ட் எல்லோர் போனிலும் அது இருக்கிறது. அதையே நீங்களும் எடுத்தால் யார் காசு கொடுப்பார்கள்?

காசு கொடுக்கக் கூடியவர் பட்டியல் ஒன்று எழுதுங்கள். ஐஸ் கம்பெனி, படகு கட்டும் பட்டறை, புதிதாக வந்த ரிசார்ட், கருவாடு ஏற்றுமதி செய்பவர், ஸ்கூபா டைவிங் சொல்லிக் கொடுப்பவர். இவர்களில் ஒருவருக்கு ஒரு நிமிட வீடியோ, போனிலேயே எடுத்துக் காட்டுங்கள். மேலேயிருந்து ஒரு ஷாட் வேண்டும் என்று அவர் கேட்டால், லைசென்ஸ் உள்ள ட்ரோன்காரரை அன்றைக்கு மட்டும் வாடகைக்குக் கூப்பிட்டு, அந்தச் செலவைத் தனி வரியாக பில்லில் சேருங்கள். மாதா மாதம் அப்படிக் கூப்பிட வேண்டி வந்தால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

கல்யாணம் எடுக்கப் போகிறவர் சட்டம் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நீங்கள் எடுக்கிற படம் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். பெண்ணின் படத்தை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, பிறகு பெண் வீட்டார் ஆளோடு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் வாங்கும்போதே 'விளம்பரத்துக்கு இத்தனை படம் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

*

கேள்வி: எனக்கு 19 வயது. மெஹந்தி போடுவேன், அரபு எழுத்துக்கலையும் வரும். துபாயில் இருக்கும் வாப்பா பி.காம். படி என்கிறார். உம்மா, சொந்தக்காரர்களிடம் காசு கேட்காதே என்கிறார். நிக்காஹ் சீசனில் கை வலிக்கப் போட்டுவிட்டு வெறும் பிரியாணியோடு வருகிறேன். என்ன செய்வது?
- வாசகி, கீழக்கரை

வாப்பா சொல்வதைக் கேளுங்கள், பி.காம். படியுங்கள். கணக்குத் தெரிந்த கலைஞரை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். மெஹந்தி மாலையிலும் லீவிலும் நடக்கிற வேலை. இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்காது.

உம்மா சொல்வதுதான் சிக்கல். கீழக்கரையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். சொந்தத்துக்குச் சும்மா என்று ஆரம்பித்தால் ஊருக்கே சும்மா போட வேண்டியதுதான். மணப்பெண்ணுக்கு இரண்டு கை முழங்கை வரை, இரண்டு கால் என்று உட்கார்ந்தால் ஐந்தாறு மணி நேரம் குனிந்த தலை நிமிர முடியாது. கீழக்கரை பிரியாணியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் நல்ல சோஜத் மருதாணிப் பொடியும், நீலகிரித் தைலமும், கோன் சுற்றும் ஷீட்டும் பிரியாணிக்குக் கிடைக்காது.

என் கடையில் நான் செய்வதைச் சொல்கிறேன். சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாலும் பில் புத்தகத்தில் முழு ரேட்டையும் எழுதுவேன். அதற்குக் கீழே 'உறவுத் தள்ளுபடி' என்று ஒரு வரி போட்டு, எனக்கு மனசு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவைக் கழிப்பேன். கழிக்கிற தொகை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். 'சும்மா அடித்துக் கொடுத்தான்' என்று ஊரில் பேசுவதற்கும் 'மூவாயிரம் ரூபாய் விட்டுக்கொடுத்தான்' என்று பேசுவதற்கும் நிறைய தூரம். தள்ளுபடி வரியை அவர்களே அடித்துவிட்டு முழுப் பணத்தையும் வைத்துவிட்டுப் போனதும் உண்டு. சிலர் தள்ளுபடி போக மீதியையும் தரவில்லை. அவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் தர மாட்டார்கள்.

உங்களுக்கு ரேட் அட்டை ஒன்று வேண்டும். மணிக்கட்டு வரை, முழங்கை வரை, கால், விருந்தாளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு. போகிற வண்டிச் செலவு தனி. அதை உங்கள் அழகான எழுத்திலேயே எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். வாய் திறந்து காசு கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அச்சடித்த அட்டையைப் போல உதவி வேறு இல்லை. உம்மாவும் 'அவ அட்டையில போட்டிருக்கா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். பாதிப் பணம் அட்வான்ஸ் வந்த பிறகுதான் தேதியைக் குறிக்க வேண்டும்.

'கருப்பு மெஹந்தி வேணும், பத்து நிமிஷத்துல கலர் வரணும்' என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். மருதாணி இலை தானாக அவ்வளவு சீக்கிரம் கருக்காது. அதில் பி.பி.டி. என்ற தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், சிலருக்குத் தோல் கொப்பளித்துத் தழும்பாகவே நின்றுவிடும். கல்யாணப் பெண்ணின் கையில் அது நடந்தால் சீசன் அத்தோடு முடிந்தது.

கடைசியாக, அரபு எழுத்து. மெஹந்தி பத்து நாளில் மங்கிவிடும், எழுத்து சுவரில் நிற்கும். உங்கள் ஊரில் வருடா வருடம் எத்தனை புது வீடு எழும்புகிறது! வீட்டு முகப்புப் பெயர்ப் பலகை, வரவேற்பறையில் மாட்டும் சட்டம், நிக்காஹ் நினைவுப் பலகை. இதற்கெல்லாம் வெளியூரில் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஒரு நல்ல மாதிரி செய்து, வீடு கட்டும் மேஸ்திரி ஒருவரிடமும் இன்டீரியர் கடை ஒன்றிலும் காட்டுங்கள். பி.காம். முடிப்பதற்குள் மெஹந்தியைவிட இது பெரிதாகிவிடும் என்பது என் கணிப்பு.

*

கேள்வி: நாங்கள் சங்கு, சோழி, சிப்பியில் அலங்காரப் பொருள் செய்து ஆன்லைனில் விற்கலாம் என்று இருக்கிறோம். கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி எல்லாம் சும்மாவே கிடைக்கிறது. நல்ல லாபம் வரும்தானே?
- மூன்று நண்பர்கள், ராமேசுவரம்

லாபம் வருவதற்கு முன்னால் வனத்துறை வரும். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன, 2001-லிருந்தே. கரையில் ஒதுங்கியது, செத்தது என்பதெல்லாம் பதிலாகாது. வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், சிறை உண்டு. சங்கிலும் சிப்பியிலும்கூடச் சில வகைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா நம் வாசலிலேயே கிடக்கிறது. ஆன்லைனில் போட்டோ போடுவது, அதிகாரிக்கு நீங்களே முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி.

மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் போய், எந்தெந்த வகையைத் தொடக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். தடையில்லாத சிப்பியை ரசீதோடு வாங்குங்கள். இல்லையென்றால் பனையோலைக்கு வாருங்கள். நம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை, குருத்தோலைக்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

*

கேள்வி: பாட்டு எழுதி நானே மெட்டும் போடுவேன். சென்னையிலிருந்து ஒருவர் போனில் பேசி, ஐயாயிரம் தருகிறேன், எல்லா உரிமையும் எனக்கு என்கிறார். கொடுத்துவிடலாமா?
- வாசகர், தங்கச்சிமடம்

போனில் கொடுக்கவே முடியாது, கவலைப்படாதீர்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்தக் காகிதத்தில் எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, எவ்வளவு பணம் எல்லாம் இருக்க வேண்டும். வருஷம் எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நாடு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

இன்னும் நல்ல செய்தி, 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வரும் ராயல்டியில், பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிமையை வாங்கியவரோடு சம பங்கு உண்டு. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாலும் அந்த ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, 'வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. (தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது.) அந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது, உறுப்பினராகச் சேருங்கள். வார்த்தையும் மெட்டும் உங்களுடையதே என்பதால் இரண்டு பங்கும் உங்களுக்குத்தான்.

சென்னைக்காரர் நல்லவராகவும் இருக்கலாம். 'அண்ணே, அக்ரிமெண்ட் அனுப்புங்க, படிச்சிட்டுச் சொல்றேன்' என்று மரியாதையாகக் கேளுங்கள். அனுப்பினால் நல்லவர். அதுவரை, பாம்பனில் மீனவர்களுக்கென்றே நடக்கிற கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறது, அங்கே போய்ப் பாடிக்காட்டுங்கள். காசுக்காகச் சொல்லவில்லை, உங்கள் பாட்டைக் கேட்டு எந்த வரியில் ஆட்கள் தலையாட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

*

கேள்வி: ஏ.ஐ. வந்துவிட்டதே, உங்களுக்குப் பயமாக இல்லையா?
- வாசகி, தொண்டி

ஃப்ளெக்ஸ் வந்தபோது எங்கள் தொழிலில் பாதிப் பேர் தூரிகையைக் கீழே வைத்தார்கள். கடை போர்டு, கட்சி விளம்பரம், சினிமா பேனர் எல்லாம் போனது. படகுப் பெயர் மட்டும் போகவில்லை. காரணம், படகின் உடம்பு வளைந்தது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் பக்கத்தில் பலகை மேல்நோக்கி ஏறும், உள்பக்கமாகவும் திரும்பும். தட்டையான காகிதத்தில் அழகாக இருக்கிற எழுத்தை அங்கே ஒட்டினால் முன்னால் இருக்கும் எழுத்து ஒடுங்கிப் படுத்துவிடும். அதனால் முன் எழுத்தைக் கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் நிமிர்த்திப் போட வேண்டும். எவ்வளவு என்பது கரையில் நாலடி தள்ளி நின்று பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். உப்புத் தண்ணீருக்கு ஸ்டிக்கரும் தாங்காது.

ஏ.ஐ.யை நானும் கடையில் பயன்படுத்துகிறேன், வண்ணம் பொருத்திப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் கொம்பையும் புள்ளியையும் அது போடுகிற இடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாளைக்குச் சரியாகப் போடலாம். கஸ்டமரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டு, அவர் சொல்லாததைப் புரிந்துகொள்வது நம் தொழிலில் பாதி, அந்தப் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் வரைகிற பாதி மட்டும் தெரிந்தவர்களுக்கு இனிமேல் சிரமம்தான், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

*

கேள்வி: அம்மாவும் நானும் கருப்பட்டி காய்ச்சுகிறோம். 'சாயல்குடி கருப்பட்டி' என்று பிராண்ட் ஆரம்பிக்கிறேன். லோகோவில் பனைமரம், சூரியன், பதநீர்க் கலயம், எங்கள் ஆச்சியின் போட்டோ, 100% சுத்தம் என்ற வாசகம் எல்லாம் வர வேண்டும். கடனும் வாங்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
- வாசகி, சாயல்குடி

இத்தனையும் கால் கிலோ பாக்கெட்டில் வந்தால் ஆச்சியின் முகம் மிளகு அளவு இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் ஆச்சிக்கு ஓட்டுப் போடுவேன். பனைமரம் எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது, உங்கள் ஆச்சி வேறு யாரிடமும் இல்லை.

'சாயல்குடி கருப்பட்டி' என்ற பெயரை டிரேட்மார்க் பதிவுக்குக் கொண்டுபோனால் தள்ளுபடி ஆகத்தான் வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் எல்லோருக்கும் பொது. ஆச்சியின் பட்டப்பெயர் ஏதாவது இருக்குமே, அதை வையுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம், கருப்பட்டி 30-ஆம் வகுப்பில் வரும். வியாபாரி யாராவது 'உடன்குடின்னு போடுங்க, வேகமா போகும்' என்பார். போடாதீர்கள், அது புவிசார் குறியீடு வாங்கிய பெயர், அந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே உரியது. '100% சுத்தம்' என்பதும் வேண்டாம். நம் பக்கம் சீனி கலந்து காய்ச்சுகிறவர்களும் அதே வாசகத்தைத்தான் போடுகிறார்கள்.

லேபிளில் கட்டாயம் வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை மாதம் வரை நல்லது, தொகுப்பு எண், முகவரி. கடற்கரைக் காற்றில் கருப்பட்டி கசியும் என்பது உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழையில் சாதாரணத் தாள் லேபிள் பிசுபிசுத்து மை கலங்கிவிடும். லேமினேஷன் போட்ட ஸ்டிக்கர், காற்றுப் புகாத பை. இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடனுக்கு ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரே போங்கள், புரோக்கர் வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்துப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் வரை மானியம், உங்கள் கைக்காசு 5 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். மானியம் என்றதும் பணம் கையில் வரும் என்று நினைக்க வேண்டாம். வங்கியில் உங்கள் பேரில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும், நீங்கள் ஒழுங்காக நடத்தினால் பிறகு கடனில் கழியும். அதுவரை தவணை கட்ட வேண்டும். பதநீர் சில மாதம்தான் இறங்கும், தவணை பன்னிரண்டு மாதமும் வரும். ஆகவே ஒரு சீசனைக் கைக்காசிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுங்கள்.

*

கேள்வி: ஒளிப்பதிவாளர் ஆக வேண்டும். யாரிடமாவது அசிஸ்டெண்டாகச் சேரட்டுமா, படிக்கட்டுமா?
- வாசகர், தேவிபட்டினம்

பிளஸ் டூ முடித்திருந்தால் முதலில் சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். நாலு வருஷப் பட்டப்படிப்பு, அரசுக் கட்டணம், ஒளிப்பதிவும் உண்டு. கிடைக்காவிட்டால் அசிஸ்டெண்ட். வீட்டில் 'சினிமாவுக்குப் போறேன்' என்று சொல்லாதீர்கள், 'டிகிரி படிக்கப் போறேன்' என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மைதானே.

*

கேள்வி: ரிசார்ட் ஒன்றுக்கு லோகோ, மெனு கார்டு, வெப்சைட் எல்லாம் செய்து கொடுத்தேன். நாலு மாதமாக 'அடுத்த வாரம்' என்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இருக்கிறது.
- வாசகர், ஏர்வாடி

வாட்ஸ்அப்பும் எழுத்துதான், ஒன்றையும் அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வைத்து, முறையான பில் ஒன்று தயாரித்து மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பாதிப் பேர் அந்தத் தபாலைப் பார்த்ததும் கொடுத்துவிடுவார்கள்.

உத்யம் என்ற, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறதா? குறு, சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கென்றே இருக்கும் அரசுத் தளத்தில் புகார் போடலாம். ஆனால் வேலையைச் செய்வதற்கு முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு, தகராறு வந்த பிறகு போட்டால் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்ப முடியாது. உங்களுக்கு இந்த முறை வக்கீல் நோட்டீஸ்தான் வழி. அடுத்த வேலைக்காக இன்றைக்கே பதிவு செய்யுங்கள். ஆதார், பான் போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வருகிற தளங்களில் சில ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும், அவை தனியார் கடைகள். அரசுத் தளம் காசு கேட்காது.

வெப்சைட்டின் பாஸ்வேர்ட் இன்னும் உங்கள் கையில் இருந்தால் கோபத்தில் முடக்கிவிடாதீர்கள். அப்புறம் அவர்கள் புகார் கொடுப்பார்கள், நீங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பீர்கள்.

*

கேள்வி: உங்கள் கடையில் எழுத்து கற்றுக்கொள்ள வரலாமா அண்ணே? சம்பளம் வேண்டாம்.
- வாசகர், பெரியபட்டினம்

சம்பளம் வேண்டாதவரை நான் எடுப்பதில்லை, அவர் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடுவார். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரைக்கு ஏறி, சுரண்டி, பெயிண்ட் அடித்து நிற்கும், எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போது வாருங்கள். தினக்கூலி உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. முதல் வாரம் பழைய எழுத்தைச் சுரண்டுகிற வேலைதான் இருக்கும். பழைய சட்டை இரண்டு எடுத்து வாருங்கள், எனாமல் பட்டால் போகாது.